ஊதா மூடி, சிவப்பு மூடி

மாமா தொலைபேசி எடுத்தபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, கொரோனா நேரம் நீங்கள் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தீர்களே, அந்தச் சோதனை பன்றிக்கும் உண்டா?"

சின்ன மாமா இப்படிப் பேச்சைத் தொடங்குகிறவர் அல்லர். மழை எப்படி, பிள்ளைகளுக்குச் சளி விட்டதா, உங்கள் பக்கம் கிணறு நிரம்பிவிட்டதா என்று ஊர் சுற்றிவிட்டுத்தான் சொல்ல வந்ததைச் சொல்வார். நான் துருவலை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். நான்கு நாளில் மூன்று பன்றிகள் செத்துவிட்டனவாம்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். இருபத்தொரு வருடமாக மனிதர்களுடைய இரத்தம், சிறுநீர், சளி இவற்றோடுதான் என் பொழுது. பன்றியின் இரத்தம் என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் "சோதனை" என்ற சொல் எந்தப் பக்கம் விழுந்தாலும் அது என் தலையில்தான் விழும். போன மாதம் கிணற்றுத் தண்ணீர், அதற்கு முன் பெரியம்மாவின் தேன் போத்தல். இப்போது பன்றி.

மாமாவின் கொட்டில் இளவாலையில், வீட்டின் பின்வளவில் இருக்கிறது. சீமெந்துக் கல் அரைச்சுவர், தகரக் கூரை, வெயிலுக்காகத் தகரத்தின் மேல் கிடுகு. பதினொரு பன்றிகள் நின்றன. காலையில் லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் நீலப் பீப்பாக்களை ஏற்றிக்கொண்டு போய், சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சிய சோறும் கறியும் வாங்கி வருவார். அதோடு தவிடு. நத்தாருக்கு இறைச்சி விற்றுத்தான் அவருக்கு வருடத்தின் பெரிய பணம் கைக்கு வரும். இது நடந்தது நத்தாருக்கு முந்திய வாரங்களில். 2024 இன் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது நான் அதை மாமாவிடம் சொன்னேன். "அது தெற்கில்" என்றார். பீப்பாய்க்குள் வரும் இறைச்சித் துண்டு எந்தத் திசையில் இருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் ஒரு சொல் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. 2009 இல் மனிதரிடையே பரவிய இன்புளுவென்சாவைத் தமிழில் "பன்றிக் காய்ச்சல்" என்று எழுதிப் பழகிவிட்டோம். பன்றிகளுக்கு வரும் உண்மையான பன்றிக் காய்ச்சல்கள் வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று, பழைய வைத்தியர்கள் ஹொக் கொலரா என்று சொல்லும் காய்ச்சல். மற்றது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இந்த இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் "மாமா வீட்டில் பன்றிக் காய்ச்சல்" என்ற கதை ஒழுங்கை முனையைத் தாண்டுவதற்குள், மாமிக்குக் காய்ச்சல் என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு அந்த மார்கழியில்தான் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் இரவும் பகலும் அந்த வேலைதான். எலிக்காய்ச்சலும் பன்றிக் காய்ச்சலும் ஊர் வாயில் ஒரே காய்ச்சலாகக் கலந்துவிட்டன. மாமி கடைக்குப் போனால் ஆட்கள் தள்ளி நின்றார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது மிருக வைத்தியரின் வாகனம் படலைக்கு வெளியே, வீதியில் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தும் அவர் உள்ளே ஏற்றவில்லை. பூட்ஸ் போட்டு, கிருமிநாசினி கரைத்த வாளிக்குள் கால் வைத்து எடுத்துவிட்டு நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "நீங்கள் இன்றைக்கு வேறு எந்தப் பன்றிக் கொட்டிலுக்கும் போகிற எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றேன். சரி என்று எனக்கும் ஒரு சோடி பூட்ஸ் தந்தார். என் மகனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் கொட்டிலுக்குள் கால் வைத்த பிறகு அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன்.

அவர் முதலில் எடுத்தது வெப்பமானி. தாய்ப்பன்றி மூலையில் வைக்கோலுக்குள் மூஞ்சியைச் செருகிக்கொண்டு கிடந்தது. காதின் ஓரம் ஊதா நிறம். தட்டினால் எழும்பும், இரண்டு அடி நடக்கும், பின்னங்கால் தள்ளாடும், மறுபடி விழும். பின்புறத்தில் வெப்பமானியை வைத்து எடுத்தார்: 41.3 பாகை. பன்றிக்கு நல்ல சுகத்திலேயே 39 பாகை இருக்கும், அதாவது எங்களுக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எடுக்கிற சூடு அதற்குச் சாதாரணம். 41 என்பது அதற்கும் காய்ச்சல்தான். அடுத்ததும் 41ஐ எட்டியிருந்தது. கடைசித் தடுப்பில் நின்ற பெட்டைக்குட்டி, மாமா தாய்ப்பன்றியாக்க வளர்த்தது, 39.2. அது தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. மாமா அதைக் காட்டி, "பாருங்கள் டொக்டர், இவளுக்கு ஒன்றுமில்லை" என்றார். வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

பிறகுதான் மாமா அந்த விஷயத்தைச் சொன்னார். மூன்றாவது செத்ததை வெட்டிப் பார்த்தாராம். ஏதாவது நஞ்சு தின்றதோ என்று. "மண்ணீரலைப் பார்த்ததும் எனக்கே பயம் பிடித்துவிட்டது, உனக்குக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்."

"எங்கே?"

குளிர்சாதனப் பெட்டியில். மேல்தட்டில், ஐஸ்கிறீம் டப்பாவுக்கும் திருக்கை மீன் துண்டுகளுக்கும் நடுவில், கடைப் பை ஒன்றில் சுற்றி வைத்திருந்தார். மாமிக்கு அதுவரை தெரியாது. அதன் பின் நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

வைத்தியர் அதை வாங்கி ஒரு தட்டில் வைத்து இளகவிட்டார். நல்ல பன்றியின் மண்ணீரல் நீண்ட நாக்குப்போல ஒடுக்கமாக, சிவப்பாக இருக்கும். இது மூன்று நான்கு மடங்கு ஊதி, ஊறிய பனங்கட்டிபோல் கறுத்து, விரல் பட்ட இடத்தில் உதிர்ந்தது. மாமா செல்பேசியில் எடுத்த படத்தில் நிணநீர்க் கணுக்கள் உறைந்த இரத்தக் கட்டிகள்போலத் தெரிந்தன. சிறுநீரகம் முழுக்கச் சிவப்புப் புள்ளி. வைத்தியரின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்து பெயர் சொல்லவில்லை. மாமா இரண்டு முறை கேட்டார். "ஆய்வுகூடம் சொல்லட்டும்" என்றார் இரண்டு முறையும்.

இதை அவர் தப்பிக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது, மாமாவுக்கு விளங்கவில்லை. ஹொக் கொலராவும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் பெயரில் பாதியைப் பகிர்ந்துகொண்டாலும், வைரசுகளுக்கிடையே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று சின்ன ஆர்.என்.ஏ. வைரசு. மற்றது பெரிய டி.என்.ஏ. வைரசு, தன் குடும்பத்தில் அது ஒன்றேதான். ஆனால் பன்றியின் மேல் இரண்டும் எழுதும் எழுத்து ஒன்றுதான்: காய்ச்சல், ஊதாக் காது, தள்ளாட்டம், உள்ளே இரத்தக்கசிவு. ஹொக் கொலராவில் மண்ணீரல் இப்படி ஊதாமல் ஓரங்களில் கறுத்த திட்டு விழும், பெருங்குடலில் பொத்தான் போன்ற புண் வரும் என்று புத்தகம் சொல்லும். பன்றி புத்தகம் படித்துவிட்டுச் சாவதில்லை. சல்மொனெல்லாவிலும் காது ஊதாவாகும். எரிசிபெலசு என்ற பக்ரீரியா நோயில் தோலில் வைரக்கல் வடிவத்தில் சிவப்புத் தடிப்புகள் வரும், ஆனால் வேகமாகக் கொல்லும்போது அந்தத் தடிப்பு தோன்றவே நேரமிருக்காது. அந்த நோய்க்குப் பெனிசிலின் கேட்கும். ஆகவே ஆளுக்கொரு பெயர் வைப்பதில் கெடுதல் இருக்கிறது. பெனிசிலினால் பிழைக்கக்கூடிய பன்றிகளைப் புதைத்துவிடலாம், அல்லது புதைக்கவேண்டிய நோயைப் பெனிசிலின் ஊசியோடு ஊர் முழுக்கக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது நடந்துவிட்டது. முதலாவது பன்றி செத்த அன்றே பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஊசி போடத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார் மாமா. அவர் மனம் நிறைந்த மனுஷன், காசும் வாங்கவில்லை. ஒரே ஊசியால் எல்லாத் தடுப்பிலும் குத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரசு, நோய் முற்றிய பன்றியின் இரத்தத்தில் பொங்கி வழியும், பெரும்பங்கு செங்குருதிக் கலங்களோடு ஒட்டிக்கொண்டு திரியும். ஊசி முனையில் ஒட்டிய துளியே போதும். வைத்தியர் இதைக் கேட்டுவிட்டு, அந்த மனுஷன் அன்று வேறு எங்கெங்கே போனார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். செத்த பன்றியைக் கொட்டிலுக்கு அருகில் வெட்டியது அதற்கு அடுத்த தவறு. சந்தேகம் இருந்தால் திறக்கவே கூடாது. இறந்ததில் இருந்து மாதிரி வேண்டுமென்றால் அடித்தொடைக்குப் பக்கத்தில் தோலின் கீழே இருக்கும் நிணநீர்க் கணுவைச் சின்னக் கீறலில் எடுக்கலாமாம். வயிற்றைப் பிளக்கத் தேவையில்லை.

இனி இரத்தம். நான் எத்தனை ஆயிரம் பேருக்கு ஊசி குத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கைக்குழந்தை, நாளம் ஒளிந்துகொண்ட கிழவி, பயத்தில் மயங்கி விழும் பொலிஸ்காரர் என்று எல்லாரிடமும் எடுத்திருக்கிறேன். பன்றியிடம் எடுப்பதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பெருமை குறைந்துவிட்டது. ஒரு கயிற்றுச் சுருக்கை மேல்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டினார்கள். பன்றி பின்பக்கமாக இழுக்கும், அது அதன் குணம். அந்த இழுவையிலேயே அது அசையாமல் நிற்கும். சத்தம்தான் தாங்க முடியாது. தகரக் கூரை அதிர்ந்தது. வைத்தியர் முழங்காலில் உட்கார்ந்து, கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில் வலப்பக்கப் பள்ளத்தை விரலால் தேடி, நீண்ட ஊசியை மேல்நோக்கி ஏற்றினார். வலப்பக்கம்தான், இடப்பக்கத்தில் நரம்புக்குக் காயம் படும் ஆபத்து கூட என்றார் வேலையை நிறுத்தாமல். நரம்போ நாளமோ எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் கைக்கணக்கு. மூன்று விநாடியில் குழாய் கருஞ்சிவப்பாக நிரம்பியது.

ஒவ்வொரு பன்றிக்கும் இரண்டு குழாய்: ஊதா மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று. இந்த இடத்தில் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல இருந்தது. ஊதா மூடிக்குள் இ.டி.ரி.ஏ. இருக்கும். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரத்தம் உறையாது. வைரசு செங்குருதிக் கலங்களோடு இருப்பதால் முழு இரத்தமாகவே வேண்டும், ஆகவே வைரசைத் தேட ஊதா மூடி. சிவப்பு மூடியில் இரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர், அதாவது சீரம் வரும், அதில் நோயை எதிர்க்க உடம்பு செய்யும் பிறபொருளெதிரிகளைத் தேடலாம். பச்சை மூடி வேண்டாம். அதற்குள் இருக்கும் ஹெப்பரின், வைரசின் மரபணுத் துண்டைப் படியெடுத்துத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குக் குறுக்கே நிற்கும். இதை நான் சொன்னபோது வைத்தியர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். குழாய்களில் பெயர் எழுதும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். தாதிமாரிடம் "பெயரை ஒழுங்காக எழுதுங்கள்" என்று இருபது வருடமாகச் சண்டை பிடிக்கிறவள் அல்லவா? மார்க்கர் பேனாவால் அழகாக எழுதினேன். றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினோம். கிருமிநாசினியில் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறை இட்டுக் கட்டவேண்டும். கட்டுமுன் சரிபார்க்க எடுத்தால், என் அழகான எழுத்து ஐஸ் தண்ணீரிலும் மழை ஈரத்திலும் நீல ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. எது தாய்ப்பன்றி, எது பெட்டைக்குட்டி? வைத்தியர் குழாயைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு, அதில் பென்சிலால் 1, 2, 3. நான் எழுதத் தொடங்குவதற்கு முன்பே அவர் ஒட்டிவிட்டார். "பென்சில் கரையாது அக்கா" என்றார். அன்று முதல் என் மேசையில் ஒரு பென்சில் இருக்கிறது.

பெட்டி அன்றிரவே பேராதனைப் பக்கம், கன்னொறுவையில் இருக்கும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் புறப்பட்டது. ஏ9 வீதியில் 300 கிலோமீற்றருக்கு மேல்.

காத்திருந்த நாட்களில் மாமாவின் பெறாமகன் ஒருவன், வெளிநாட்டில் இருக்கிறவன், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லும் அட்டைகளை அனுப்பட்டுமா என்று கேட்டான். கொரோனாவுக்கு வீட்டிலேயே பார்த்தோமே இரண்டு கோடு, அதே மாதிரி. அப்படியான அட்டைகள் உண்மையிலேயே உண்டு, வைரசின் புரதத்தைப் பிடிப்பவை. பன்றியின் இரத்தத்தில் வைரசு நிறைந்து கிடக்கும்போது இரண்டாவது கோடு விழும். தொடக்க நாட்களில் வைரசு குறைவாக இருக்கும்போது விழாது. மாமா போன்ற ஒருவர் கையில் ஒற்றைக் கோடு விழுந்த அட்டை இருந்தால் என்ன நடக்கும்? அன்று பின்னேரமே அந்தப் பெட்டைக்குட்டியை நல்ல விலைக்கு விற்றிருப்பார். கெட்ட எண்ணத்தில் அல்ல, "இல்லை" என்று அட்டை சொல்லிவிட்டதே என்ற நம்பிக்கையில். அனுப்பவேண்டாம் என்று நான் சொன்னேன். மாமா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

சிவப்பு மூடிக் குழாயிலும் இதே பொறி இருக்கிறது. எலைசா முறையில் பிறபொருளெதிரிகளைத் தேடினால், அவை தொற்றி ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் தென்படும். இந்த நோயின் கொடிய வடிவம் பல வேளை அதற்குள் பன்றியை முடித்துவிடும். செத்துக்கொண்டிருக்கும் பன்றியின் சீரத்தில் "பிறபொருளெதிரி இல்லை" என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமல்ல. உடம்புக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் ஏன் எடுப்பது? பிழைத்து நிற்கும் பன்றிகளுக்காக. மெதுவாக வரும் வடிவங்களில் வைரசு இரத்தத்தில் விட்டுவிட்டு வரும், சில நாள் பி.சி.ஆர். கூடக் கை விரிக்கலாம். ஆனால் பிறபொருளெதிரி மாதக்கணக்கில் நிற்கும். இந்த வைரசுக்கு எங்கள் நாட்டில் தடுப்பூசி போடுவதில்லை, ஆகவே பிறபொருளெதிரி இருந்தால் அது நோய் வந்துபோன தடயம்தான். எங்கள் வேலையிலும் இதுதான் கதை. டெங்குக்கு முதல் நாட்களில் ஒரு சோதனை, ஆறாம் நாளுக்குப் பிறகு வேறொரு சோதனை. நாள் தெரியாமல் சோதனை கேட்கிறவர்களோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

பி.சி.ஆர். பற்றி மாமாவுக்கு விளக்கப்போய் ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. வைரசின் புரதக் கூட்டை ஆக்கும் பி72 என்ற புரதத்துக்கு ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஒரு துண்டைக் குறிவைத்து, சூடாக்கி இரண்டு இழையாகப் பிரித்து, ஆறவைத்துப் படியெடுப்பார்கள். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகும். எத்தனையாவது சுற்றில் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒளி படுகிறதோ அதுதான் முடிவில் எழுதும் எண். சின்ன எண் என்றால் மாதிரியில் வைரசு அதிகம், பெரிய எண் என்றால் குறைவு. கொரோனா ஆர்.என்.ஏ. வைரசு என்பதால் முதலில் அதை டி.என்.ஏ. ஆக மாற்றும் ஒரு படி இருந்தது. இதற்கு அது தேவையில்லை, நேரே தொடங்கலாம். ஹொக் கொலராவுக்கு அந்தப் படி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணால் பிரிக்க முடியாததைப் பிரிக்கலாம். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ, சீட்டுக்காசு மாதிரி இரட்டிக்கிறது" என்றார். நான் இருபது வருடமாகத் தேடிய உவமை அது இல்லை, ஆனாலும் விட்டுவிட்டேன்.

இயந்திரங்கள் வருவதற்கு முன் எப்படிப் பார்த்தார்கள் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். இந்த நோயைக் கென்யாவில் மொன்கொமரி என்பவர் 1921 இல் முதன்முதலாக விவரித்து எழுதினார். இது ஹொக் கொலரா அல்ல என்று நம்பிக்கையாகப் பிரித்துக் காட்ட ஆய்வுகூடத்துக்கு நல்ல வழி கிடைத்தது 1960 இல், மாம்குவிஸ்ற், ஹே என்ற இருவரால். பன்றியின் வெண்குருதிக் கலங்களை வளர்த்து, சந்தேக மாதிரியை விடுவார்கள். வைரசு இருந்தால், தொற்றிய கலத்தைச் சுற்றிப் பன்றியின் செங்குருதிக் கலங்கள் வந்து மொய்த்துக்கொள்ளும். படத்தைப் பார்த்தபோது எனக்கு எள்ளுருண்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஹொக் கொலரா வைரசு இப்படிச் செய்வதில்லை. உயிருள்ள வைரசைக் காட்டுவதால் இந்த முறைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. பி.சி.ஆர். செத்த வைரசின் துண்டையும் காட்டிவிடும். ஆனால் இதற்கு நாட்கள் ஆகும், பாதுகாப்பான கூடம் வேண்டும், எள்ளே ஒட்டாத சில வைரசு வகைகளும் இருக்கின்றன. பழுது பார்க்கத் தேவையில்லாத அழகான சோதனை ஒன்று இப்படித் தரவரிசையில் பின்னுக்குப் போவது எனக்கு ஏனோ கவலையாக இருந்தது.

நான்காம் நாள் காலை முடிவு வந்தது. அதற்குள் கொட்டிலில் ஐந்துதான் மிஞ்சியிருந்தன. தாய்ப்பன்றி முதல்நாள் இரவு செத்துவிட்டது. வைத்தியர் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல், உறுதி. ஹொக் கொலரா இல்லை. தாய்ப்பன்றியின் எண் 19. பையில் இருந்த மண்ணீரல் 17, உறைந்துகிடந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டைக்குட்டி 36, அதற்கு நேரே "சந்தேகம், மறுமாதிரி தேவை" என்று குறிப்பு.

19க்கும் 36க்கும் பதினேழு சுற்று. ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 36 என்பது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தொற்று இப்போதுதான் தொடங்கியிருக்கலாம். அல்லது தாய்ப்பன்றியின் தாடையில் மாட்டிய கயிறு, அதன் இரத்தம் பட்ட கையுறை, ஏதோ ஒன்றின் வழியே ஒரு துணுக்குக் குழாய்க்குள் போயிருக்கலாம். கொரோனா காலத்தில் இந்த 36களோடு நான் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்கிறேன். ஒரு ஆளைத் தனிமைப்படுத்துவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டை நடக்கும்.

மாமா "சந்தேகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். "சந்தேகத்தின் பலனைக் கொடுக்கமாட்டார்களா?" என்று கேட்டார். வழக்குமன்றத்தில் கொடுப்பார்கள். ஒரு கொட்டிலில் ஒன்றுக்கு உறுதியானால் கொட்டிலுக்கே உறுதி என்றுதான் கணக்கு, அந்தக் குட்டியின் மறுமாதிரி யாருடைய முடிவையும் மாற்றப்போவதில்லை என்று வைத்தியர் பக்குவமாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார், நம்பவில்லை. அன்று பின்னேரம் நானே வெப்பமானியை எடுத்துக்கொண்டு கடைசித் தடுப்புக்குள் போனேன். அது தொட்டிப் பக்கம் நிற்கவில்லை. சுவரோரம் படுத்திருந்தது. 40.9. நான் வெப்பமானியை மாமாவின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, வெளிச்சத்தில் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மாமியைக் கூப்பிட்டு, மண்வெட்டி எங்கே என்று கேட்டார்.

புதைத்ததை விரிவாக எழுத மனமில்லை. ஒன்று மட்டும். எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றில் வந்து நிற்கும். ஆகவே குழியை எங்கே வெட்டுவது என்பதற்கே வைத்தியரும் கிராம அலுவலரும் மாமாவும் அரை நாள் வளவை அளந்தார்கள், எங்கள் கிணறு, அயலவர் கிணறு எல்லாவற்றிலும் இருந்து எட்டத்தில், மண் ஆழமாக இருக்கும் மூலையாகப் பார்த்து. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த திருக்கை மீனும் ஐஸ்கிறீமும் குழிக்குள் போயின. உறைநிலையில் இந்த வைரசு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். நட்டஈடு பற்றித் தொடங்கினால் இது வேறு பதிவாகிவிடும்.

கொட்டில் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. கழுவி, கிருமிநாசினி அடித்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி கழுவி. நீலப் பீப்பாக்களை மாமா விற்றுவிட்டார். கடைச் சோறு கொடுப்பதென்றால் 90 பாகையில் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிச் சூடாக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், விறகு விலைக்குத் தவிடே மேல் என்று முடிவெடுத்துவிட்டார்.

போன மாதம் இரண்டு குட்டிகள் வந்திருக்கின்றன. வளர்க்க அல்ல, இன்னும் அல்ல. கொட்டில் சுத்தமா என்று அறிய முதலில் இரண்டை மட்டும் விட்டுப் பார்ப்பது முறை. எல்லாத் தடுப்பிலும் மாறி மாறி விட்டு, நக்கவும் முகரவும் மண் கிளறவும் விட்டு, வாரக்கணக்கில் கவனித்து, பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஊதா மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று. இந்த முறை சிவப்பு மூடிக்குத்தான் வேலை அதிகம்.

மாமா மருந்துக்கடையில் சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கிவிட்டார். காலமையும் பின்னேரமும் வைத்துப் பார்த்து, பேரனின் பழைய சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறார், பென்சிலால். நேற்றைய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். 39.1, 39.3. கீழே அடிக்கோடிட்டு, "தின்கிறார்கள்" என்று எழுதியிருந்தது.